தேங்காய் எண்ணெய் தேய்த்த பம்பர்: வெளுத்துப்போன கறுப்பு பிளாஸ்டிக் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

2013-ல் பதிவான வெள்ளை நிறச் சிறிய ஹேட்ச்பேக் கார். அடிப்படை மாடல் என்பதால் இரண்டு பம்பர், கதவோர மோல்டிங், சைடு மிரர் கவர், கைப்பிடிகள், வைப்பருக்கு அடியில் இருக்கும் கவுல் எல்லாமே பெயின்ட் படாத கறுப்பு பிளாஸ்டிக். ஓசூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கூரையில்லாத இடத்தில், முன்பக்கம் சுவரைப் பார்த்தபடியும் பின்பக்கம் மேற்கைப் பார்த்தபடியும் ஒன்பது ஆண்டுகளாக நின்றுவந்தது. என்ஜினில் குறை இல்லை, வெள்ளைப் பெயின்டும் நன்றாகவே இருந்தது. கறுப்பாக இருந்த பாகங்கள் மட்டும் சாம்பல் பூத்திருந்தன. மாலை வெயில் முழுக்க வாங்கிய பின் பம்பரின் மேல்தளம் சுண்ணாம்பு தடவியது போல இருந்தது.

2022 டிசம்பர் முதல் வாரம் கார் பணிமனைக்கு வந்தது. உரிமையாளர் மகளைப் பள்ளியில் விட அன்றாடம் அதை ஓட்டுபவர். இரண்டு பம்பரையும் மாற்றிவிட எவ்வளவு ஆகும் என்று கேட்கத்தான் வந்தார். எந்தப் பாகத்திலும் விரிசலோ உடைசலோ இல்லை. வெளுத்த ஒரே காரணத்துக்காக நல்ல பம்பரைக் கழற்றி எறிய வேண்டியதில்லை என்பதே பணிமனையின் முதல் பதில்.

வருவதற்கு முன் வீட்டில் நடந்தவை

எட்டு மாதமாக வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். முதலில் தேங்காய் எண்ணெய். "தேய்ச்ச அன்னைக்கு ஷோரூம்ல எடுத்த மாதிரி இருந்துச்சு சார். ஒரு வாரம்கூட நிக்கல" என்றார். நிற்காததால் ஞாயிறுதோறும் தேய்த்தார். நடுவில் ஒருமுறை வாட்டர் வாஷ் கொடுத்த இடத்தில், கேட்காமலேயே பளபளப்புக்காக டீசல் தெளித்துத் துடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு கதவோர மோல்டிங்கில் கறுப்பு ஷூ பாலிஷ் பூசினார். அது சில வாரம் கறுப்பாக நின்றாலும், மகளின் வெள்ளைச் சீருடைக் கையில் ஒட்டிக்கொண்டு வெளுக்கப்போட்டும் போகவில்லை. முன் பம்பரின் ஒரு மூலையைப் பற்பசையால் தேய்த்ததில் அந்த இடம் முன்பைவிட வெள்ளையாகிவிட்டது.

டிசம்பர் குளிர் தொடங்கியதும் புதிதாக ஒன்று நடந்தது. இரவு எண்ணெய் தேய்த்த பம்பர் காலையில் மாவு தூவியது போல நிற்கும், பத்து மணிக்குமேல் தானாகவே கறுக்கும். பிளாஸ்டிக் உள்ளுக்குள்ளேயே கெட்டுவிட்டதோ என்ற பயத்தில்தான் பணிமனைக்கு வந்திருக்கிறார்.

பார்த்ததும் அறிந்ததும்

காரை ஓர் இரவு வெளியே நிறுத்தச் சொல்லி, மறுநாள் காலை ஆறரை மணிக்குப் பார்க்கப்பட்டது. பம்பரின் சொரசொரப்பான பரப்பில், குழிகளுக்குள் மட்டும் வெள்ளை படிந்திருந்தது. விரலை வைத்துப் பத்து நொடி அழுத்தி எடுத்ததும் வெள்ளை கரைந்து, விரல் பட்ட இடம் கறுப்பாகத் தெரிந்தது. அது உறைந்த தேங்காய் எண்ணெய். 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும். மார்கழி விடியலில் பாட்டிலில் கட்டியாகிற அதே எண்ணெய்தான் பம்பரின் குழிகளிலும் கட்டியாகி நின்றது.

அடுத்துச் செய்த சோதனைகளுக்கு ஒரு வெள்ளைப் பனியன் துணி, தண்ணீர் தெளிப்பான், நகம் ஆகிய மூன்றும் போதுமானவை. பின் பம்பரைத் துணியால் அழுத்தித் துடைத்தபோது மஞ்சள் கலந்த பழுப்புக் கறை வந்தது, அதாவது எண்ணெயும் தூசியும். மோல்டிங்கில் கறுப்பாக ஒட்டியது ஷூ பாலிஷ். முன் பம்பரின் மூலையில் நகத்தால் கீறியபோது வெள்ளைப் பொடி செதிலாக வந்தது, அது பற்பசையில் உள்ள தேய்ப்புத் தூள். கவுலில் எண்ணெய் படாத ஒரு மூலையில் துடைத்தபோது மட்டும் மெல்லிய சாம்பல் தூள் ஒட்டியது. அது வெயிலில் சிதைந்த பிளாஸ்டிக்கேதான். ஆக, பார்வைக்கு ஒரே வெளுப்பாகத் தெரிந்த இடத்தில் நான்கு வெவ்வேறு பொருள்கள் இருந்தன.

பிறகு தண்ணீர். வெயிலில் சிதைந்த பிளாஸ்டிக்கில் தண்ணீர் படலமாகப் பரவி உடனே கறுக்கும். எண்ணெய் இருக்கும் இடத்தில் முத்து முத்தாக நிற்கும். இந்தக் காரில் கவுல் நனைந்து கறுத்தது, பம்பர்களில் முத்துகள் ஓடின. கழுவல் முடியும்வரை இதே சோதனைதான் அளவுகோலாக இருந்தது.

டிக்கி கதவைத் திறந்தால் பின் பம்பரின் மேல் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை தெரியும். கதவுக்கு அடியில் மறைந்திருந்ததால் வெயிலே படாத இடம் அது. ஒன்பது ஆண்டுக்கு முந்தைய கறுப்பு அப்படியே இருந்தது. எந்த அளவு திரும்ப வந்தால் போதும் என்பதற்கு அந்தப் பட்டையே ஆதாரமாக வைக்கப்பட்டது.

ஏன் வெளுக்கிறது

பம்பரின் உட்பக்கத்தில் அச்சாகியிருந்த குறி: பிபி+இபிடிஎம்-டிடி20. பாலிப்ரோப்பிலீனும் ரப்பரும் கலந்து, 20 சதவீதம் டால்க் தூள் சேர்த்த கலவை என்று அதற்குப் பொருள். கறுப்புக்குக் கார்பன் தூள் கலந்திருப்பார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்பரப்பில் உள்ள பிளாஸ்டிக் இழைகளை அறுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றன, பிடிப்பு இழந்த டால்க் தூள் வெளியே தலைகாட்டுகிறது. கரடான அந்தப் பரப்பு ஒளியை நாலா பக்கமும் சிதறடிப்பதால் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிகிறது. கார்பன் எங்கும் போய்விடவில்லை, அடியில் அப்படியே இருக்கிறது.

மழை பட்ட தார்ச்சாலை கறுத்துத் தெரிவதும் இதே கணக்குதான். வெடிப்புகளை எந்தத் திரவம் நிரப்பினாலும் ஒளிச் சிதறல் குறைந்து கறுப்பு தெரியும். தண்ணீர் நிரப்பினால் ஐந்து நிமிடம், தேங்காய் எண்ணெய் நிரப்பினால் ஐந்து நாள். எண்ணெய் காற்றில் எவ்வளவு உலரும் என்பதைக் காட்டும் அளவு அயோடின் எண். தேங்காய் எண்ணெய்க்கு அது சுமார் 10, காற்றில் எத்தனை நாள் வைத்தாலும் உலராது. திரவமாகவே இருந்து தூசியைப் பிடிக்கும், ஷாம்பு பட்டதும் இறங்கிவிடும். நல்லெண்ணெய் இரண்டுங்கெட்டான். பாதி உலர்ந்து, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனில் படிகிற பிசுக்கு மாதிரி ஆகிவிடும், அதைக் கழுவி எடுப்பது இன்னும் கடினம். ஆளிவிதை எண்ணெயின் அயோடின் எண் 170-க்கு மேல். அது காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கிக் கெட்டியான படலமாக மாறுகிறது. வீட்டுப் பொருள்களில் எது நிற்கும், எது ஓடும் என்று பிரித்துச் சொல்லும் வேறுபாடு இதுதான்.

எடுத்த முடிவும் காரணமும்

பம்பர் மாற்றுவது கைவிடப்பட்டது. பெயின்ட் அடிப்பதும் கைவிடப்பட்டது. பாலிப்ரோப்பிலீனில் பெயின்ட் லேசில் பிடிக்காது, அதற்கென்று ஒட்டுப் பிரைமர் என்ற அடிப்பூச்சு வேண்டும். எட்டு மாதம் எண்ணெய் குடித்த பரப்பில் பிரைமரும் உரிந்து வரும் வாய்ப்பு அதிகம்.

சூடான காற்றை ஊதும் ஹீட் கன் காட்டினால் கறுப்பாகிறதே என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். மேல்படலம் உருகிச் சேரும்போது வெடிப்புகள் மூடி, நிறம் அந்த நொடியே திரும்பும். முன் பம்பரில் ஃபாக் லேம்ப் இல்லாத இடத்தை மூடியிருந்த சிறு மூடியைக் கழற்றிக் கழுவி, அதில் மட்டும் செய்து காட்டப்பட்டது. பாதி மூடி அழகாகக் கறுத்தது. மறுபாதியில் கை ஒரு நொடி தாமதித்ததும் சொரசொரப்பு மழுங்கி, ரூபாய் நாணயம் அளவுக்கு வழவழப்பான திட்டு விழுந்தது. பாலிப்ரோப்பிலீன் 160 டிகிரியை ஒட்டி உருகிவிடும், ஹீட் கன்னின் காற்று அதைவிட மிகவும் சூடானது. போன சொரசொரப்பைத் திரும்பக் கொண்டுவர வழி இல்லை. பக்கத்தில் பெயின்ட் அடித்த ஃபெண்டரும் இருப்பதால் இந்த முறை வேண்டாம் என்று முடிவானது.

நன்றாகக் கழுவி, நான்கு பொருள்களைச் சிறு கட்டங்களில் நான்கு வாரம் சோதித்துவிட்டு, நிற்பதை மட்டும் கார் முழுவதும் பூசுவது என்று திட்டமிடப்பட்டது. மிரர் கவரிலும் கைப்பிடியிலும் ஏபிஎஸ் என்ற குறி இருந்தது. அந்தப் பிளாஸ்டிக்கில் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும் என்பதால் அவற்றுக்கு மட்டும் ஸ்ப்ரே பெயின்ட்.

கழுவல்

எண்ணெயை எடுப்பதற்கே இரண்டு நாள் ஆனது. நிழலில், பிளாஸ்டிக் கைக்குச் சூடு தெரியாதபோது வேலை தொடங்கியது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 10 மில்லி பாத்திரம் கழுவும் திரவம். மென்மையான நைலான் பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்து, நுரை காய்வதற்குள் அலசி, மறுபடியும் தேய்க்க வேண்டும். முதல் சுற்று நுரை காபித் தண்ணீர் நிறத்தில் வந்தது, மூன்றாவது சுற்றில் வெளிறியது. பின் பம்பருக்கு மட்டும் ஐந்து சுற்று தேவைப்பட்டது. பாத்திரம் விளக்கும் பவுடரும் இரும்பு நாரும் தொடவே கூடாது, அவை கீறிவிடும்.

மோல்டிங்கில் இருந்த ஷூ பாலிஷ் சோப்புக்கு அசையவில்லை. பனியன் துணியில் டர்பன்டைனை ஈரம் தெரியும் அளவுக்கு மட்டும் நனைத்து ஓர் அடி நீளத்தைத் துடைத்து, உடனே சோப்புத் தண்ணீரால் கழுவி, பிறகு அடுத்த அடி என்று போக வேண்டியிருந்தது. பற்பசைத் தூள் பல் துலக்கும் பிரஷ்ஷுக்குப் பாதியும் பள்ளிக்கூட ரப்பருக்கு மீதியும் வந்தது. ரப்பரால் அழிப்பது வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் பரப்பைக் கீறாமல் குழிக்குள் இருக்கும் வெள்ளையைப் பிடித்து இழுக்க அதற்கு ஈடாக வேறொன்று கைவசம் இல்லை. பெயின்டுக்குப் போடும் பாலிஷ் பம்பரில் வழிந்து வெள்ளையாகிவிட்டாலும் இதே முறைதான்.

கடைசியாக, மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒரு துடைப்பு. அதன் பிறகு தெளித்த தண்ணீர் பம்பர் முழுவதும் படலமாகப் பரவியது. கழுவி முடித்த பம்பர் முன்பு எப்போதையும்விட வெள்ளையாக இருந்ததைப் பார்த்து உரிமையாளர் முகம் வாடிவிட்டது. இந்தக் கட்டத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

இதற்கிடையே தெரிந்த இன்னொரு சேதம்: டீசல் பட்ட கதவுகளில், கண்ணாடியின் அடியோரம் ஓடும் ரப்பர் பீடிங் ஊதி அலை அலையாக நின்றது. இபிடிஎம் ரப்பர் வெயிலைத் தாங்கும், பெட்ரோலிய எண்ணெயைத் தாங்காது. ஒரு மாதம் விட்டுப் பார்த்தும் இரண்டு கதவுகளில் அது பழைய அளவுக்கு வரவில்லை, மாற்ற வேண்டியதாயிற்று. டர்பன்டைனும் இந்த ரப்பரை ஊதவைக்கும் என்பதால் அதன் பிறகு எல்லா ரப்பர் ஓரத்துக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டியே வேலை நடந்தது.

நான்கு வாரச் சோதனை

பின் பம்பரின் கீழ்ப்பகுதியில் 10 சென்டிமீட்டர் சதுரமாக ஐந்து கட்டங்கள். ஒன்று வெறுமனே விடப்பட்டது, மற்றவற்றில் தேங்காய் எண்ணெய், கறுப்பு ஷூ பாலிஷ், சிலிக்கான் கலந்த டயர் பாலிஷ், டர்பன்டைன் கலந்த டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் (மரவேலைக்கு விற்கிற ஆளிவிதை எண்ணெய்). வாரம் ஒரு ஷாம்புக் கழுவல்.

தேங்காய் எண்ணெய்க் கட்டம் இரண்டாவது கழுவலில் வெறும் கட்டத்தோடு சேர்ந்துகொண்டது. டயர் பாலிஷ் முதல் நாள் எல்லாவற்றையும்விட மினுங்கியது. மூன்றாம் நாளே தூசி அப்பி, இரண்டாம் வார முடிவில் திட்டுத் திட்டாக மங்கியது. ஷூ பாலிஷ் மூன்று வாரம் நின்றாலும் நான்காவது வாரத்திலும் கையில் கறுப்பு ஒட்டியது. மெழுகில் நிறம் மிதக்கிற பொருள் அது, தொடும் இடத்தில் பூசத் தகுதியில்லை. லின்சீட் கட்டத்தில் நான்காவது கழுவலுக்குப் பிறகும் நிறம் மாறவில்லை, துணியில் எதுவும் ஒட்டவில்லை. சாய்வெயிலில் பார்த்தால் மறைந்திருந்த பட்டையைவிடத் துளி பழுப்பு தெரிந்தது. அது அந்த எண்ணெயின் இயல்பு என்று சொல்லி, உரிமையாளர் சம்மதித்த பிறகே மேலே போனது.

லின்சீட் பூச்சு

2023 பிப்ரவரி முதல் வாரம் பூச்சு நடந்தது. ஹார்டுவேர் கடையில் மரவேலைக்கு விற்கிற டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்தான் வேண்டும். அதில் உலர்த்தும் உலோக உப்பு சேர்ந்திருக்கும். உணவுக்கு விற்கிற ஆளிவிதை எண்ணெயில் அது இல்லாததால் பல நாள், சில சமயம் வாரக்கணக்கில்கூட, ஒட்டிக்கொண்டே இருக்கும். மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு டர்பன்டைன் கலக்கப்பட்டது. இரண்டு பம்பர், மோல்டிங், கவுல் எல்லாவற்றுக்கும் 30 மில்லி எண்ணெயும் 10 மில்லி டர்பன்டைனுமே போதுமாக இருந்தது. டர்பன்டைன் சேர்ப்பது எண்ணெய் மெலிந்து வெடிப்புக்குள் இறங்குவதற்காக.

கழுவிய பிளாஸ்டிக் 24 மணி நேரம் காய வேண்டும். வெள்ளைப் பெயின்டின் ஓரம் முழுக்க டேப். ஸ்பாஞ்சில் சிறிது எடுத்து, குழிகளுக்குள் போகும்படி எல்லாத் திசையிலும் தேய்த்து, 15 முதல் 20 நிமிடம் விட்டு, உலர்ந்த துணியால் மேலே நிற்பதை முழுவதும் துடைத்துவிட வேண்டும். முழுவதும் என்பதுதான் முக்கியம். உள்ளே இறங்கியது மட்டும் இருந்தால் போதும், வெளியே நிற்பது அத்தனையும் பிரச்சினை. மறுநாள் இரண்டாவது பூச்சு, அதன் பிறகு மூன்று நாள் தண்ணீர் படாமல் கூரைக்கு அடியில்.

பின் பம்பரின் இடது மூலையில் இந்தத் துடைப்பு சரியாக நடக்கவில்லை. மூன்றாம் நாள் அந்த இடம் ஆறிய பாலில் ஆடை கட்டியது போலச் சுருங்கி, அடியில் பிசுபிசுவென்று இருந்தது. மேலே தோல் கட்டியதும் உள்ளே காற்று போகாததால் அடி எண்ணெய் காயவில்லை. டர்பன்டைனால் எடுத்துக் கழுவி, ஒரு நாள் காயவிட்டு, மெல்லியதாகத் திரும்பப் பூசப்பட்டது.

துடைத்த துணிகளைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். லின்சீட் உலரும்போது சூடு வெளிவரும். நனைந்த பனியன் வேஸ்ட்டைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டால், அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறி, நெருப்பு வைக்காமலேயே பற்றிக்கொள்ளும். இந்த வேலையில் பயன்பட்ட ஒவ்வொரு துணியும் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் மூழ்கவைத்து மூடப்பட்டது. அது முடியாதவர்கள் வெட்டவெளியில் கொடியில் தனித்தனியாக விரித்து, மொடமொடப்பாகக் காய்ந்த பிறகு எறியலாம். வீட்டில் இதைச் செய்ய நினைப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறந்துவிடக் கூடாது.

மிரர் கவரில் நேர்ந்த பிழை

மிரர் கவர்களையும் கைப்பிடிகளையும் 600 எண் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, அரைப் பளபளப்புக் கறுப்பு ஸ்ப்ரே அடிக்கப்பட்டது. முதல் பூச்சு விழுந்த சில நொடிகளில் பெயின்ட் அங்கங்கே விலகி, மீன் கண் போல வட்ட வட்டமாகக் குழிகள் திறந்தன. மூத்த பெயின்டர் பார்த்த மாத்திரத்தில், "இதுல சிலிக்கான் ஏறியிருக்கு தம்பி, டயர் பாலிஷ் ஏதாச்சும் போட்டியா?" என்று உரிமையாளரைக் கேட்டார். இரண்டு மூன்று முறை போட்டது உண்மைதான் என்று அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

சிலிக்கான் எண்ணெயை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் முழுதாகக் கரைக்காது, பரப்பித்தான் விடும். பெயின்டைக் காயவிட்டுத் தேய்த்து எடுத்து, பெயின்டர்கள் பயன்படுத்தும் சிலிக்கான் ரிமூவரால் ஒரு துணியில் துடைத்து, ஈரம் இருக்கும்போதே வேறு துணியால் எடுத்து, ஒவ்வொரு முறையும் துணியை மாற்றி, மூன்று முறை செய்யப்பட்டது. தின்னர் பயன்படுத்தவில்லை, அது ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும். பிறகு 20 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து, பத்து நிமிட இடைவெளியில், மூன்று மெல்லிய பூச்சு. இம்முறை குழி விழவில்லை.

தொடர்ந்து பார்த்ததில்

பூசி ஒரு வாரத்தில் பம்பரின் நிறம், மறைந்திருந்த பட்டையோடு ஏறக்குறைய ஒட்டிப்போனது. ஏப்ரல், மே வெயிலில் செங்குத்தான பரப்புகள் எதுவும் மாறவில்லை. ஜூனில், அதாவது நான்காவது மாதம், கவுல் முதலில் சாம்பலாகத் தொடங்கியது. ஆகஸ்டில் பின் பம்பரின் மேல்தளம். உச்சி வெயிலை நேராக வாங்கும் கிடைமட்டப் பரப்புகள்தான் இரண்டும். ஆகஸ்டில் இவை இரண்டுக்கு மட்டும் சோப்பால் கழுவி ஒரே ஒரு மெல்லிய பூச்சு தரப்பட்டது. பழைய படலத்தைச் சுரண்ட வேண்டியிருக்கவில்லை.

2024 பிப்ரவரியில், பூசி ஓராண்டு கழித்து, கதவோர மோல்டிங்கும் முன் பம்பரும் லேசாக மங்கியிருந்தன, வெளுக்கவில்லை. கவுல் மறுபடியும் சாம்பல். மிரர் கவர் பெயின்டில் குறை இல்லை. மார்கழிக் காலையில் வெள்ளை பூப்பது அறவே நின்றுவிட்டது.

மறுபடி செய்தால் மாற்றுவது

என்னென்ன பூசினீர்கள் என்று வண்டி வந்த அன்றே ஒவ்வொரு பாகமாகக் காட்டிக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பொதுவாகக் கேட்டபோது டயர் பாலிஷ் நினைவுக்கு வரவில்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஸ்ப்ரே அடிக்கும் பாகத்தில் சிலிக்கான் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு சுத்தம் செய்வது நல்லது.

கவுலுக்கு லின்சீட் தேர்ந்தெடுத்தது தவறான முடிவு. வைப்பர் கையைக் கழற்றினால் தனியாக வந்துவிடும் பாகம் அது. கழற்றிக் கழுவி, பிளாஸ்டிக் ஒட்டுப் பிரைமர் போட்டு, கறுப்பு ஸ்ப்ரே அடித்திருந்தால் ஆண்டுக்கு இரண்டு தடவை அதைத் தொட வேண்டியிருக்காது. தேங்காய் எண்ணெய் அதிகம் ஏறாத ஒரே பெரிய பாகமும் அதுதான், பிரைமர் பிடித்திருக்கும்.

காரை நிறுத்தும் திசை பற்றி முதல் நாளே பேசியிருக்க வேண்டும். ஆகஸ்டுக்குப் பிறகு உரிமையாளர் ஒரு வாரம் முன்பக்கம், ஒரு வாரம் பின்பக்கம் சுவரைப் பார்க்கும்படி மாற்றி நிறுத்துகிறார். ஆகஸ்ட் பூச்சு மேல்தளத்தில் பிப்ரவரிப் பூச்சைவிட அதிக நாள் நின்றதில் இதற்கும் மழைக்கால மேகத்துக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல, இன்னொரு கோடையைப் பார்க்க வேண்டும்.

மீந்த எண்ணெய் விஷயமும் ஒன்று உண்டு. பாதி காலியான பாட்டிலில் இருக்கும் காற்றே போதும், லின்சீட் அதிலேயே தோல் கட்டிவிடும். ஆகஸ்டில் திறந்தபோது பாட்டில் அப்படித்தான் இருந்தது, மேலே இருந்ததை எடுத்து எறிந்துவிட்டு அடியில் இருந்ததை வடிகட்டிப் பயன்படுத்த வேண்டியிருந்தது. இப்போது உரிமையாளர் கழுவிக் காயவைத்த கோலிக்குண்டுகளைப் பாட்டிலுக்குள் போட்டு எண்ணெய் மட்டத்தைக் கழுத்துவரை ஏற்றி, மூடியை இறுக்கி வைத்திருக்கிறார்.